உதறாத ஸ்டியரிங்

ஸ்டியரிங் டேம்பர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். சக்கரத்தின் உதறல் கைக்கு வராமல் தடுக்கிற ஒரு குழாய், அவ்வளவுதான். அது சிவப்பா மஞ்சளா என்பதில் அப்படி என்ன இருக்கிறதோ. கோலா தெர்லா என்கிற இந்த மலையூரில் பதினெட்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். காய்கறி ஏற்றும் பிக்கப்புகளுக்கு எண்ணெய் மட்டும் உள்ள டேம்பரைத்தான் சொல்வேன். கேஸ் அடைத்தது வண்டியை லேசாக ஒரு பக்கம் தள்ளும். ஆனால் உதறலை அமுக்குவதில் அதற்கு ஈடு கிடையாது. என் சொந்த வண்டிக்கு கேஸ் அடைத்ததைத்தான் எடுத்தேன். அது ஏன் என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள்.

எங்கள் தேயிலை எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் அம்மன் ஊர்வலம் வருவது பிக்கப்பில். யாருடைய வண்டி என்பதைக் கோயில் தலைவர் பழனியப்பன் முடிவு செய்வார். சொம்பு நிறையத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்காருவார். மேல் லயத்திலிருந்து ஃபேக்டரி வரை இறக்கத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். அவர் வேட்டி நனைந்தால் அந்த வண்டி கிடையாது. ஒன்பது வருடமாக என் வண்டிதான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் முழங்கால் பக்கம் கொஞ்சம் நனைந்தது. வேறு வண்டி இல்லாததால் விட்டுவிட்டார்.

“என்னண்ணே, அம்மனுக்கு முன்னாடி ஒங்க வண்டிக்கு அருள் வந்துரும் போலருக்கே லா” என்று சாப்பாட்டுக்கடையில் ஹரிதாஸ் சொன்னான். எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டுகிறவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருடம் திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது வண்டியைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நுனியில் ஒரு குண்டு இருக்கும். அது தேய்ந்து, கையால் ஆட்டினாலே கடகடத்தது. சாமான் ஈப்போவிலிருந்து வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் சாவியைக் கொடுத்திருக்க மாட்டேன். உதறினால்தான் ஓட்டுகிறவனுக்குக் கோளாறு தெரியும். டேம்பர் மாட்டினால் குண்டு சரியாகாது, கோளாறு வெளியே தெரியாமல் போகும். வருகிறவர்களிடம் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

கேஸ் டேம்பரின் ஒரு நுனியை அச்சில் பூட்டினேன், மறு நுனியைக் கம்பியில். ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் ஒடித்துப் பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை. சுத்தமான வேலை. பழனியப்பன் வேட்டியில் ஒரு சொட்டு விழவில்லை.

திருவிழாவன்று காலையில் அந்த இறக்கத்தை நினைத்ததும் எனக்குக் கை வியர்த்தது. மணிக்கட்டு பிசகிவிட்டது என்று துணியைச் சுற்றிக்கொண்டேன். அம்மன் வண்டியை ஓட்டுகிறவர் இருபத்தொரு நாள் விரதம் இருக்க வேண்டும். என்னை விட்டால், ஓட்டவும் தெரிந்து விரதமும் இருந்தவன் ஹரிதாஸ் ஒருவன்தான். பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தான். வண்டி வேண்டாம் என்று பழனியப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது.

“ஸ்டேரிங் எப்படிண்ணே இருக்கு?” என்று சாவியை வாங்கும்போது ஹரிதாஸ் கேட்டான்.

“வெண்ணெ மாதிரி இருக்கும். பயப்படாம ஓட்டு” என்றேன்.

ஃபேக்டரிக்கு மேலே உள்ள வளைவில் குண்டு கழன்றது. ஒரு சக்கரம் மட்டும் தன் போக்கில் திரும்பிக்கொண்டது. பின்னால் நின்ற பூசாரியும் மேளக்காரர்களும் குதித்துவிட்டார்கள். ஹரிதாஸ் பிரேக்கை மிதித்தபடியே தேயிலைச் சரிவில் வண்டியோடு போனான். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அம்மனின் வலது கை முறிந்திருந்தது.

நசுங்கிக் கிடந்த இரும்பில் எது முன்னால் உடைந்தது, எது பின்னால் உடைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. டேம்பரை நானே கழற்றி எடுத்து வந்தேன்.

சாவு வீட்டில் பழனியப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அம்மன் கையே ஒடஞ்சிருச்சுய்யா. சும்மா ஒடையாது. அவன் வெரதம் சுத்தமா இருந்தானா?”

அதற்கு முந்தின வாரம்தான், கடையில் யாரோ நீட்டிய முட்டை போட்ட மீ நூடுல்ஸைத் தள்ளி வைத்துவிட்டு ஹரிதாஸ் வெறும் தேத்தண்ணி குடித்தான். நான் எதிர் மேசையில் இருந்தேன்.

“கடையில பார்த்தேங்க. என்ன சாப்பிட்டான்னு கவனிக்கல.”

நான் சொன்னது அவ்வளவுதான். மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. கருமாதி முடிவதற்குள் அவன் தட்டில் கோழியே வந்துவிட்டது. அவன் மனைவி வசுமதியை இப்போது கோயில் சமையலுக்குச் சேர்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்தால் கடைசியில், செருப்பு விடும் இடத்தில் நிற்கிறாள்.

எனக்கு மனசாட்சி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் குத்துகிறது. அதனால்தான் அவள் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் போய்ச் சரிசெய்து கொடுத்தேன். கூரைத் தகரத்தையும் மாற்றிக் கொடுத்தேன். கேட்காமலேயே செய்தேன்.

போன வாரம் அவளே பட்டறைக்கு வந்தாள். தலை நிமிராமல் வாசலில் நின்றாள்.

“எங்க வீட்டுக்காரரு செஞ்ச தப்பால ஒங்க வண்டியும் போச்சு, ஒங்க பேரும் கெட்டுச்சு. அவர மன்னிச்சிருங்கண்ணே. நீங்க மன்னிச்சாத்தான் அவரு ஆத்மா அடங்கும்.”

பார்க்கவே பாவமாக இருந்தது. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

மன்னித்துவிட்டேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.