பெனிஷாவின் பகல் தூக்கம்

சீரியல் பார்ப்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியாது சாமி. எதற்கும் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தவக்காலத்தில்கூட ஒரு நாள் விடவில்லை. குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பீர்கள், இருதயம்மாள்தான் பேசுகிறேன்.

அது ஒரு பேய் சீரியல். பெரிய பங்களா, அதில் ஒரு குடும்பம். செத்துப்போன மூத்த மருமகள் தூங்குகிறவர்களின் தலைமாட்டில் வந்து உட்காருவாள். அவள் உட்கார்ந்தால் கெட்ட கனவு வரும். மீசையை முறுக்கித் திரியும் மாமனார் கனவில் ஊர் நடுவே வேட்டியில்லாமல் நிற்பார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் மாமியாரை அவள் பெற்ற பிள்ளைகளே யார் நீ என்று கேட்பார்கள். விறைப்பாக நடக்கிறவர்கள் உள்ளுக்குள் எதற்கு நடுங்குகிறார்கள் என்று கனவு வந்தால்தான் தெரியும். நல்ல கதைதான்.

என் மகள் பெனிஷாவும் கூட உட்கார்ந்து பார்ப்பாள். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எப்போதும் நைட் டூட்டி. காலை பஸ்ஸில் வந்து, சாப்பிட்டு, முதல் நாள் எபிசோடை மறுபடி போடும்போது என்னோடு பார்த்துவிட்டு, பகலெல்லாம் தூங்குவாள். ஜெர்மனிக்குப் போவதற்காக அந்த ஊர் பாஷையைப் படித்துப் பரீட்சையும் தேறினாள். வேலை உறுதி என்று சொல்லிவிட்டார்கள். தெருவே வந்து வாழ்த்தியது. எல்லோருக்கும் நான்தான் கேசரி கிண்டிக் கொடுத்தேன். எனக்குக் கனவு வந்தால் என்ன வரும் என்று யாரும் கேட்கவில்லை. காலை பஸ் வந்து நிற்கும். யாரும் இறங்க மாட்டார்கள். அதுதான் வரும்.

ஒருநாள் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்.

"பேய் ஒண்ணுமே செய்யலம்மா. சும்மா தலமாட்டுல உக்காந்திருக்கு, அம்புட்டுத்தான். அவுகவுக பயம்தான் அவுகளக் கட்டிப் போடுது."

உனக்குக் கனா வந்தால் என்ன வரும் என்று விளையாட்டாகக் கேட்டேன். சத்தியமாக விளையாட்டாகத்தான். அவள் டிவியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஜீப்புதான் வரும். அப்பா என் கையப் பிடிச்சிருந்தாகம்மா. மேல இருந்து கூப்பிட்டாக. நான்தான் கைய உருவிக்கிட்டு ஏறிட்டேன்."

என் வீட்டுக்காரர் இஞ்ஞாசிமுத்துவை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் இந்தப் பங்குக் கோயிலுக்கு வருமுன்பே போய்விட்டார். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை மேல் கம்பம்மெட்டுக்கு ஜீப் ஓட்டினார். பள்ளிக்கூட லீவில் ஒருநாள் மகளையும் கூட்டிப் போனார். வளைவில் ஜீப் சரிந்து ஒரு மரத்தில் தொத்திக்கொண்டு நின்றது. மற்றவர்கள் குதித்துவிட்டார்கள். அவருக்குக் கால் மாட்டிக்கொண்டது. பிள்ளையை மேலே இழுத்த கொஞ்ச நேரத்தில் வண்டி அவரோடு உருண்டுவிட்டது. அவர் கையைப் பிடித்திருந்ததை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உருவியிராவிட்டால் அவளும் போயிருப்பாள். உன் மேல் தப்பில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. காபி போட எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் அவள் தூங்கும்போது தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தொடவில்லை, அடிக்கவில்லை. அவள் அப்பா கூப்பிடுகிற மாதிரியே மெதுவாகச் சொன்னேன்.

"பெனி ஆத்தா, கைய விட்டுட்டியே."

முகம் சுருங்கியது. திரும்பத் திரும்பச் சொன்னேன். அலறிக்கொண்டு எழுந்தவளை மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்தேன். சின்னப் பிள்ளையில் ஒண்டியது போல ஒண்டிக்கொண்டாள். வெகுகாலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிறகு தினமும் நடந்தது. டீசலில் நனைத்த துணியைக் கட்டிலடியில் வைத்தால் கனவு சீக்கிரம் வருகிறது என்று தெரிந்துகொண்டேன். அவள் இளைத்துப் போனாள். டூட்டியில் ஒரு நோயாளிக்கு மருந்தை மாற்றிக் கொடுக்கப் போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் தடுத்துவிட்டார்கள். உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். பஸ் ஏறப் பயந்தாள். குளிக்கப் போனாலும் நான் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். நின்றேன் சாமி, முகம் சுளிக்காமல் நின்றேன். நீங்களும் வந்து அவள் தலையில் கைவைத்து ஜெபித்தீர்கள். அன்றைக்கு நான் அழுதது நடிப்பில்லை.

போன மாதம் ஒருநாள் காலையில் அவளைக் காணோம். கம்பம்மெட்டு ரோட்டில் அந்த வளைவு வரைக்கும் நடந்தே போயிருக்கிறாள். தடுப்புச் சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கப் போனவளை ஜீப்காரர்கள் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களிடம் கெஞ்சினாளாம்.

"அப்பா அங்கன தனியாக் கெடக்காக. கையக் குடுத்துட்டு வந்துர்றேன், விடுங்க."

அதைக் கேட்ட பிறகு நிறுத்தினேன். நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. கொஞ்ச நாளில் அவளுக்குத் தூக்கம் வந்தது, சோறு இறங்கியது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சிரித்துப் பேசினாள். எனக்கும் சந்தோஷம்தான். முந்தாநாள் ஜெர்மனிக்காரர்களிடம் போனில் பேசியிருக்கிறாள். இடம் இன்னும் இருக்கிறதாம். நான் போறேம்மா என்றாள். நேற்று மத்தியானம் மறுபடி ஸ்டூலை எடுத்துப் போட்டேன்.

டாக்டரிடம் சொன்னால் அவளிடம் சொல்லிவிடுவார். அக்கம்பக்கத்தில் சொன்னால் என்னைத் தூற்றுவார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது உங்களைத் தாண்டிப் போகாது. அது தெரிந்துதான் இங்கே வந்து முழங்காலிட்டேன். அவளை அனுப்பிவை, அதுதான் பரிகாரம், இல்லாவிட்டால் பாவமன்னிப்பு இல்லை என்கிறீர்கள். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கச் சொல்லுங்கள், இருக்கிறேன். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையைச் சாகிற வரைக்கும் சொல்லச் சொல்லுங்கள், சொல்கிறேன். இதை மட்டும் கேட்காதீர்கள். தூக்கத்தில் இப்படி அலறுகிற பிள்ளையை எந்தத் தாய் சாமி தனியாக அனுப்புவாள்?