உதிராத முட்கள்

எனக்குக் காலையில் இரண்டு காபி வேண்டும். இல்லாவிட்டால் தலை வலிக்கும். அதனால் போதைக்கு அடிமையானவர்களை நான் ஒருநாளும் கேவலமாக நினைத்ததில்லை, இன்ஸ்பெக்டர்.

என் வேலை எலி மூளை. நரம்பு செல்லின் கிளைகளில், ரோஜாத் தண்டில் இருப்பதுபோல், நுண்ணிய முட்கள் இருக்கும். ஒரு செல் இன்னொன்றோடு பேசுவது பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான். சுறுசுறுப்பூட்டும் போதை மருந்து கொடுத்துப் பழக்கினால் முட்கள் பெருகும். மருந்தை நிறுத்தினாலும் லேசில் உதிர்வதில்லை. பிறகொரு நாள் துளி கொடுத்தால் போதும், எலி முன்பைவிட வேகமாகக் கூண்டைச் சுற்றி ஓடும். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். மனிதனிடம் பார்க்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.

என் தம்பி அதே வகைப் போதைப் பொடியால் வேலையையும் மனைவியையும் இழந்தவன். சிகிச்சை முடிந்து என் வீட்டுக்கு வந்தான். பதினான்கு மாதம் எதையும் தொடவில்லை. ஓர் அச்சகத்தில் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் துணிகளையும் சேர்த்து இஸ்திரி போடுவான். "நீதான்டி அவனுக்கு உயிர் கொடுத்த" என்று அம்மா போனில் அழுதாள். நான் மறுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவன் காபியில் அந்தப் பொடியைக் கொஞ்சம் கலந்தேன். முன்பு அவன் எடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அரை மணியில் கால் ஆடத் தொடங்கியது. எழுந்து கூடத்தில் சுவருக்குச் சுவர் நடந்தான். எத்தனை தடவை என்று நான் எண்ணினேன். மறுநாளும் கலந்தேன்.

மூன்றாம் நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, பழையபடி ஏறுது. நான் எதையும் தொடல. அம்மா மேல சத்தியம்."

"தொடாம எப்படிடா ஏறும்?"

சட்டைப் பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "எனக்கே தெரியாம எடுத்திருப்பேனா?"

"இருக்கலாம்" என்றேன்.

அன்றே அம்மாவிடம், அவன் மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று சொன்னேன். அவள் அவனோடு பேசுவதை நிறுத்தினாள். மன வேதனை விளைவைக் கூட்டுகிறதா என்றும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அறையில் வைத்துப் பூட்டச் சொன்னது அவன்தான். "நான் கெஞ்சினாலும் திறக்காதக்கா" என்றான். முதல் நாள் கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையே மணிக்கு நானூறு தடவை நடந்தான். மறுநாள் எழுநூறு. கேட்டதெல்லாம் தண்ணீர்தான். கதவைக் கையளவு திறந்து கொடுப்பேன். ஒவ்வொரு தம்ளரிலும் முந்தையதைவிடச் சற்று அதிகமாகக் கலந்தேன். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்னிக்கோ செத்திருப்பேன்" என்பான்.

மூன்றாம் நாள் பிற்பகல் கதவைத் தட்டினான். "நெஞ்ச அடைக்குது. கதவைத் திற, அக்கா." திறக்காதே என்று சொன்னவனும் அவன்தானே. தட்டுவது நின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, இன்னும் கால் மணி காத்திருந்தேன்.

பழைய போதைக்காரன் என்றதும் மருத்துவமனையில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மூளையை ஆராய்ச்சிக்குத் தர நான்தான் கையெழுத்திட்டேன். மூளைச் சீவல்களில் சாயம் ஏறச் சில வாரங்கள் பிடித்தன. நுண்ணோக்கியில் பார்த்தபோது முட்கள் அவ்வளவு அடர்த்தியாக இருந்தன.

ஆம், அவனை நான்தான் கொன்றேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரே ஒரு மூளையை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க, போதையே அறியாத, அதே ரத்தத்தைச் சேர்ந்த இன்னொன்று வேண்டும். அம்மாவை என்னோடு வந்து இருக்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை வருகிறாள்; அதற்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். மகனைப் பறிகொடுத்தவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.