ஞாயிற்றுக்கிழமை சாம்பிள்

முனிரத்தினம்: இன்னாபா… அவ்ளோதானா? வலைய நல்லா ஒதறு.

அருள்பாண்டி: ஒதறிட்டேன் அண்ணாச்சி. எட்டு.

முனிரத்தினம்: ஆயிரம் குஞ்சு வுட்ட குட்டையில எட்டு மீனா?

அருள்பாண்டி: ஏழுதான். ஒண்ணு தவளை.

முனிரத்தினம்: மூணு தபா இழுத்தாச்சு… போச்சு. வாலாஜாபாத் வேபாரி வர நேரம். அத்த வுடு, காந்திமதி காதுல வுழுந்தா நான் தொலைஞ்சேன்.

அருள்பாண்டி: மதினி என்ன சொல்லப் போறாவ?

முனிரத்தினம்: இந்தக் குட்டை கார் கம்பெனிக்கு மண்ணு அள்ளின பள்ளம், வித்துடலாம்னு அவதான் சொன்னா. நான் மீன் வளத்துக் காட்டறேன்னேன். வலையில மீனு வரலன்னா புரோக்கர்கிட்ட கையெழுத்து போட்டுடறேன்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணிக்கீறேன்பா!

அருள்பாண்டி: அவசரப்பட்டுட்டீய.

முனிரத்தினம்: யாரு துன்னிருப்பா? விராலா?

அருள்பாண்டி: இருக்கும்.

முனிரத்தினம்: நீர்க்காக்கா?

அருள்பாண்டி: அதுவும் இருக்கும்.

முனிரத்தினம்: எத்தக் கேட்டாலும் இருக்கும் இருக்கும்ங்கிற! கம்பெனியில குவாலிட்டி செக்கிங் பண்றவன், மாடி ரூம்லயே வேற குடி கீறன்னு உன்னாண்ட ஒப்படைச்சேன். மீனு வளருதான்னு பாக்க வாராவாரம் சாம்பிள் எடுத்தியா இல்லியா?

அருள்பாண்டி: ஒரு ஞாயித்துக்கெழம தவறல! நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து, தூங்காம வலை வீசி, எடை போட்டு நோட்டுல எழுதிருக்கேன்.

முனிரத்தினம்: எடை போட்டு… திரும்ப தண்ணியில வுட்டியா?

அருள்பாண்டி: நோட்டுல எடை எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி.

முனிரத்தினம்: அருளு…

அருள்பாண்டி: திரும்ப விடணுமா?

முனிரத்தினம்: ஐயய்யோ!

அருள்பாண்டி: டெஸ்டுக்கு உடைச்ச பார்ட்ட எங்க லைன்ல திரும்ப மாட்ட மாட்டாவ அண்ணாச்சி. கழிச்ச சாமான் போடற ரிஜெக்ட் பின்லதான் போடுவோம்.

முனிரத்தினம்: மீன எந்த பின்ல போட்ட?

அருள்பாண்டி: கொழம்புல.

முனிரத்தினம்: வாரத்துக்கு எத்தினி?

அருள்பாண்டி: மொதல்ல அஞ்சு. அப்புறம்… நூறு பர்சென்ட் செக்கிங்குக்குப் போயிட்டோம்.

முனிரத்தினம்: போயிட்டோமா? உன் ரூம்ல அடுப்பே கெடையாதே. யாரு கூட?

அருள்பாண்டி: அண்ணாச்சி… மதினி வாராவ.

காந்திமதி: இந்தாங்க டீ. வலை போட்டாச்சா?

முனிரத்தினம்: இப்பதான்… மீனெல்லாம் அடியில தூங்குது.

காந்திமதி: எத்தினி மிச்சம் கீது?

முனிரத்தினம்: மிச்சமா?

அருள்பாண்டி: ஏழு, மதினி.

காந்திமதி: பத்தாவது இருக்கும்னு நெனச்சேன்.

முனிரத்தினம்: நீயா! வலை போடற வரைக்கும் ஒரு மீனு வூட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? குட்டை மீனு சேத்து நாத்தம் அடிக்கும், நான் தொட மாட்டேன்னும்…

காந்திமதி: தொடாமதான் ஞாயித்துக்கெழம மூணு வாட்டி போட்டுகினு துன்னியா? கடல் மீனு கடல் மீனுதான்னு சப்புக்கொட்டிகினு?

முனிரத்தினம்: அது காசிமேட்டு மீனுன்னியே!

காந்திமதி: காலையில ஆறு மணிக்கு நம்ம ஒரகடத்துக்கு எவன்யா காசிமேட்டுலேர்ந்து கொண்டாருவான்?

முனிரத்தினம்: நாம மூணு பேரு துன்னா ஆயிரம் மீனா காலியாவும்?

அருள்பாண்டி: எங்க ரூம் பயலுவ பதினோரு பேரு… பக்கத்து ஹாஸ்டலு… கம்பெனியில அந்தோணிராஜ் வேல பாக்குற லைன் முழுக்க. ஊர விட்டு வந்து மீன் கொழம்பு வாசத்துக்கே ஏங்கிப்போன பயலுவ அண்ணாச்சி. மதினி பார்சல் கட்டிக் குடுத்தாவ.

முனிரத்தினம்: கோடையில தண்ணி வத்துமா, விராலு குஞ்ச முழுங்குமான்னு எல்லாத்துக்கும் பயந்தேன்யா. எதிரி வூட்டுக்குள்ளயே கொழம்பு கூட்டிகினு கீறான்னு தெரியாம போச்சே. சரி, சத்தியம் சத்தியம்தான். புரோக்கரக் கூப்புடு. கையெழுத்து போட்டுடறேன்.

காந்திமதி: அவன் எங்க வரப் போறான்? போன வாரம் வந்து கட்லா கொழம்பு துன்னுட்டு, இந்தப் பள்ளத்த மட்டும் வித்துடாதீங்கம்மான்னு சொல்லிட்டு, வர்ற ஞாயித்துக்கெழமைக்கு பத்து பார்சல் சொல்லிட்டுப் போயிட்டான். வேபாரியையும் வர வேணாம்னு நேத்தே போன் பண்ணிட்டேன். அந்த ஏழையும் இப்டி குடு. தவளைய உள்ள வுட்டுட்டு, போயி ரெண்டாயிரம் குஞ்சு வாங்கினு வா.