செவ்வாயின் காற்றைத் திருப்பிக் கீறினோம்

தலைமைக் கதிரையை அலங்கரிக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அரியநாயகம் அவர்களே, எழுத்தோடு பொறுமையையும் படிப்பித்த ஆசிரியை பிரியவதனி அவர்களே, பெரியோரே, குறிகட்டுவானில் கடைசிப் படகு போய்விடுமே என்று மணிக்கூட்டைப் பார்த்திருக்கும் நயினாதீவுத் தாய்மாரே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

களைப்போடு வந்திருக்கிறேன். ஆனாலும் நானே எழுதியதை நானே வாசிக்கிறேன்; அந்தக் களிப்பும் கூடவே வந்திருக்கிறது.

தலைவர் முன்பே சொன்னதைச் சற்றுமுன்னும் சொன்னார்: முதியோர் வகுப்பின் செவ்வாய்க் கிரக வேலையை இன்றோடு நிறுத்துவோம், ஆளில்லை என்று. அதற்குத்தான் பதில் சொல்ல எழுந்தேன்.

செவ்வாயைச் சுற்றும் விண்கலம் படம் படமாய் அனுப்புகிறது. அங்கே வசந்தத்தில் பனி வெடிக்கும். வெடிப்பால் கரும்புழுதி எழும்பும். காற்று அதை விசிறிபோல் விரிக்கும். அத்தனை படத்தையும் பார்க்க ஆராய்ச்சியாளருக்குக் கண் போதாது. ஆகவே ஊர் உலகத்தைக் கேட்டார்கள். வானியல் படித்தவர்களா நாங்கள்? வள்ளம் விட்டவர்கள், வடலிப் பனை வெட்டியவர்கள், வயது போனபின் வகுப்பறை கண்டவர்கள்! ஆனாலும் கணினியில் காற்றின் திசைக்குக் கோடு கீற ஏலாதா?

கீறினோம். மாரி முழுக்கக் கீறினோம். ஒருநாள் எங்கள் வகுப்பு மாக்கிறேற் அக்கா கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“இஞ்ச பாருங்கோ. புழுதி வெடிப்பிலயிருந்தெல்லோ போகுது. நாங்கள் வெடிப்பைப் பாத்துக் கோடு இழுத்திருக்கிறம்.”

உண்மைதான். சோளகக் காற்று என்றால் நாம் தெற்கே கை காட்டுவோம். காற்று வரும் பக்கம்தான் நமக்குக் காற்று. அவர்கள் கேட்டதோ போகும் பக்கம். செவ்வாயின் காற்றையெல்லாம் திருப்பி ஊதவிட்டிருந்தோம்!

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று வகுப்பில் செல்வரத்தினமும் சிரித்தார். “ஆருக்குத் தெரியப்போகுது? செவ்வாயிலயிருந்து வந்து கேக்கப்போறாங்களோ?”

அக்கா சிரிக்கவில்லை. “கேக்கமாட்டினம். அதுக்காகப் பொய்க் காத்தை விடுறதே?”

ஆசிரியை ஆராய்ச்சியாளருக்கு எழுதி அறிவித்தார். பதில் அன்பாகத்தான் வந்தது: ஒரே படத்தைப் பலர் பார்ப்பதால் ஆராய்ச்சிக்குச் சேதமில்லை, உங்கள் கோடுகளை ஒதுக்கிவிடுகிறோம், விரும்பினால் புதுப் படங்களைப் பாருங்கள். ஒரு மாரியின் உழைப்பு ஒரு வரியில் போய்விட்டது. ஒவ்வொருவராய் வகுப்பில் இருந்து எழும்பிப் போனார்கள். மிஞ்சியது அக்காவும் நானும்.

கண் எரிகிறது, உண்மை. கழுத்து நோகிறது, உண்மை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பிழையென்று நாமே சொன்னபிறகும் “பாருங்கள்” என்கிறார்களே, அது எதனால்? படித்த கண்ணா வேண்டும் என்றார்கள்? இளங்கண்ணா வேண்டும் என்றார்கள்? பார்க்கும் கண் வேண்டும் என்றார்கள்! பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் கண் வேண்டும் என்றார்கள்! அது இந்த இறுப்பிட்டி ஊரில் இல்லையா?

அங்கே யார் கை உயர்த்துவது? அன்னபூரணம் அக்காவா? கண்ணாடி போட்டால் சேர்ப்பீர்களோ என்று கேட்கிறார். வாருங்கோ அக்கா, நானும் கண்ணாடிதான்.

தலைவர் அவர்களே, நிறுத்த வேண்டாம். இன்னொரு கதிரை போடச் சொல்லுங்கள்.

இவ்வளவு நேரம் காதைத் தந்தீர்கள், நன்றி. சனிக்கிழமை வகுப்புக்கு வந்து கண்ணையும் தாருங்கள். வணக்கம்.