இறங்கிச் சொன்ன பதில்

“நானும் இந்தப் படகிலை இருக்கிறதாலை பதில் சொல்ல ஏலாது, அண்ணை.”

குறிகட்டுவான் துறையில், நயினாதீவுப் படகு நிறைந்து கிடந்தபோது எனக்கு முன்னால் இருந்த பெண் சட்டத்தரணி இப்படிச் சொன்னார். அவரும் பக்கத்திலிருந்த இளம் சட்டத்தரணியும் முதல்நாள் யாழ்ப்பாணத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் கடற்சட்டமும் தொழில் ஒழுக்கமும் படித்துவிட்டு வந்தவர்கள். படகோட்டி கேட்டது ஒன்றுதான்: சட்டப்படி படகிலை ஆக்கள் அளவுக்கு மிஞ்சிக் கூடவோ?

“ஏன் ஏலாது?”

“எனக்கும் இதிலை போகவேணும். என்ரை விருப்பம் பதிலுக்கை வந்திடும்.”

“ஓம் அண்ணை. அதை மட்டும் ஒரு மணித்தியாலம் படிப்பிச்சவை,” என்றார் இளையவர்.

“அப்ப நான் ஆரிட்டைக் கேக்கிறது?”

“பொறுங்கோ.” பெண் சட்டத்தரணி பாதுகாப்பு அங்கியோடு துறையில் ஏறி நின்று, தலைகளை எண்ணி, படகில் எழுதியிருந்த அளவோடு ஒப்பிட்டார். “இப்ப சொல்லலாம். நான் இருக்கேக்கை ஒராள் கூடுதல்.”

“நீங்கள் இறங்கினாப் பிறகு?”

“சரியா இருக்கு.”

“நல்லது அக்கா,” என்று படகோட்டி கயிற்றை அவிழ்த்தார்.

படகு முழுக்கச் சிரித்தது. துறையில் நின்றவர் எங்களை விடக் கூடச் சிரித்தார்.

“அடுத்த படகிலை நான் பள்ளிக்கூட ரீச்சர் எண்டுதான் சொல்லப்போறன்,” என்று அங்கிருந்தே கத்தினார்.