ஜாடியில் கலப்படம்

நர்ஸ்: அம்மா, அந்த யூரின் ஜாடியைக் கீழ வைங்க.

பால்காரம்மா: எந்த ஜாடி சிஸ்டர்... ஓ, இதுவா? சும்மா... கழுவி வைக்கலாம்னு...

நர்ஸ்: நான் அளந்து எழுதறதுக்கு முன்னாடியேவா? குடுங்க இப்படி. என்னம்மா இது, பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு!

பால்காரம்மா: எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு தேறுதுல்ல... அதான் தெளிஞ்சு வருது.

நர்ஸ்: இப்பதான் போனார்னு சொன்னீங்க. ஜாடி வெதுவெதுன்னு இருக்க வேண்டாமா? ஜில்லுன்னு இருக்கு.

பால்காரம்மா: ஏசி காத்து பட்டிருக்கும்...

நர்ஸ்: ஏசி ரிப்பேராகி ரெண்டு நாளாச்சும்மா.

பால்காரம்மா: அப்போ... ஜன்னல் காத்தா இருக்கும்.

நர்ஸ்: நீங்க என்ன தொழில் பண்றீங்க?

பால்காரம்மா: பால் கடை. ரெண்டு பேருமாத்தான் பார்க்கறோம். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு சொட்டு தண்ணி கலந்ததில்ல. தெருவுல யாரை வேணா கேளுங்க!

நர்ஸ்: பால்ல கலக்காத தண்ணியை இதுல கொண்டாந்து கலந்தீங்களாக்கும்?

பால்காரம்மா: மெதுவா பேசுங்க சிஸ்டர்... தூங்கறார்.

நர்ஸ்: எப்போ இருந்து?

பால்காரம்மா: முந்தாநாள், மூச்சு வாங்கித் தூக்கிட்டு வந்தோமே, அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து. ஒரு டம்ளர், அரை டம்ளர்... எமர்ஜென்சியில டாக்டர் சொன்னார், “இதயம் சோர்ந்தா கிட்னியும் அடி வாங்கும். ஒன்னுக்கு குறைஞ்சுட்டா மிஷின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டி வரலாம்”னு. அன்னிக்கு ஜாடியில அடிமட்டத்துலதான் இருந்துச்சு. மிஷினையெல்லாம் தாங்க மாட்டார் சிஸ்டர் அவர்.

நர்ஸ்: அதுக்காக நம்பரை ஏமாத்துவீங்களா? நெஞ்சுல தேங்கின நீரை இறக்க ஊசி போடறோம். எவ்வளவு போடணும், எப்போ நிறுத்தணும், கிட்னி தாங்குதான்னு இந்த ஜாடியைப் பார்த்துத்தானே முடிவு பண்றாங்க! நீங்க ஊத்தின தண்ணியை நம்பி மருந்தைத் தப்பா எழுதியிருந்தா?

பால்காரம்மா: ஐயோ... அப்போ நானே என் கையால அவரை...

பால்காரர்: ஏய்... அழாதடி.

பால்காரம்மா: முழிச்சுக்கிட்டா இருக்கீங்க!

பால்காரர்: நீங்க ரெண்டு பேரும் போடற சத்தத்துல செத்தவனே எழுந்து உட்காருவான்...

பால்காரம்மா: வாயில அடிங்க! ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டு என்ன பேச்சு!

பால்காரர்: சரி, சரி. சிஸ்டர்... எனக்கு வர்றதுல கொஞ்சம்தான் அந்த ஜாடிக்கு வருது. மீதியை... இவ டீ வாங்கப் போறப்போ பாத்ரூம்ல போய்...

நர்ஸ்: கட்டிலை விட்டு இறங்காதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!

பால்காரர்: நாலே நாலு எட்டுதாம்மா.

நர்ஸ்: எத்தனை தடவை?

பால்காரர்: நேத்து மத்தியானத்துல இருந்து அஞ்சு. முதல்ல முக்கா லிட்டர். அப்புறம் அரை, அரை, அரை. கடைசியா கால்.

நர்ஸ்: அளந்தா பார்த்தீங்க?

பால்காரர்: பால்காரன் காதும்மா இது. விழற சத்தத்துலயே சொல்லிடுவேன்.

நர்ஸ்: ரெண்டே கால்... ரெண்டரை லிட்டர்! அட, சரியா வருதே!

பால்காரம்மா: என்ன சிஸ்டர் சரியா வருது?

நர்ஸ்: காலையில எடை பார்த்தோமே, ஒரே நாள்ல மூணு கிலோ குறைஞ்சிருக்கு. ஜாடிக் கணக்குல ஒரு லிட்டர் கூட வரல. மீதி எங்க போச்சுன்னு டாக்டர் மண்டையைப் பிச்சுக்கிட்டிருக்கார். ரத்த ரிசல்ட்டும் இப்பதான் வந்துச்சு. கிரியாட்டினின் ரெண்டரை இருந்தது ஒன்னரைக்கு இறங்கிடுச்சு.

பால்காரம்மா: இறங்கிடுச்சா? ஐயையோ...

நர்ஸ்: அது இறங்கணும்மா! இறங்கினா கிட்னி தேறுதுன்னு அர்த்தம்.

பால்காரம்மா: அப்போ... மிஷின்?

நர்ஸ்: இப்படியே போனா அந்தப் பேச்சே வராது. ஆனா இன்னும் ரெண்டு நாள் உன்னிப்பா பார்க்கணும். ஒரு சொட்டு விடாம ஜாடிக்கு வரணும், உங்க சொட்டு ஒன்னும் சேரக் கூடாது. புரியுதா?

பால்காரம்மா: சத்தியமா சிஸ்டர். அந்தப் பக்கமே போக மாட்டேன்.

நர்ஸ்: ஐயா, நீங்க ஏன் பாத்ரூமுக்குப் போனீங்க? வெட்கமா?

பால்காரர்: ஆங்... ஆமா. வெட்கம்தான்.

நர்ஸ்: நல்ல ஜோடிதான் போங்க! டாக்டர்கிட்ட உள்ளது உள்ளபடி சொல்லிட்டு வர்றேன்.

பால்காரம்மா: என்னை வெளிய அனுப்பிடுவாங்களா சிஸ்டர்?

நர்ஸ்: திட்டுவார். வாங்கிக்கங்க. அனுப்பாம நான் பார்த்துக்கறேன்.

பால்காரம்மா: ... போயிட்டாங்க. இப்போ சொல்லுங்க. வெட்கமாம், வெட்கம்! தெருவே பார்க்க பம்புசெட்டுல குளிக்கற ஆளு நீங்க.

பால்காரர்: விடுடி.

பால்காரம்மா: சொல்லப் போறீங்களா இல்லையா?

பால்காரர்: முந்தாநாள் நீ திரும்பி நின்னுக்கிட்டு டம்ளர்ல ஊத்தினதைப் பார்த்துட்டேன். சொன்னா நீ கூனிக் குறுகிப் போயிடுவ. நேத்து மத்தியானம் எனக்கு நிஜமாவே கொட்ட ஆரம்பிச்சுது... உன் தண்ணியும் என்னுதும் சேர்ந்தா ஜாடி ரொம்பி வழியும், நீ மாட்டிக்குவ, உன்னை வெளிய அனுப்பிட்டாங்கன்னா... நீ இல்லாம இந்தக் கட்டில்ல ஒரு மணி நேரம் கூட என்னால படுத்திருக்க முடியாதுடி. அதான், என் பங்கைக் குறைச்சுக்கிட்டேன்.