நிற்கிற வண்டியில் இறங்கும் பேட்டரி

— அப்போ, வாராவாரம் என் வீட்டுக்காரர் உன் ஒர்க் ஷாப்புல வந்து ஒரு மணி நேரம் உட்காந்திருக்கறது பேட்டரிக்காகத்தான்னு நான் நம்பணும்?

— நம்பறது உங்க இஷ்டம்க்கா. பானெட்டைத் திறக்கணும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

— யாருக்கு யார் அக்கா? மெக்கானிக்குன்னா மெக்கானிக்கா இரு. உறவு கொண்டாடற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம்.

— சரி மேடம். இந்த விளக்கு எப்போ எரிய ஆரம்பிச்சது?

— உன் வாசல்ல நிறுத்தறப்போ. 'பேட்டரி குறைவு'ன்னு பல்லை இளிக்குது. வண்டிக்குக்கூட உன்னைப் பார்த்தா மயக்கம் வருது, கேட்டியா?

— இது ரெண்டு பேட்டரி வண்டி. ஓட வைக்கற பெரிய பேட்டரி நல்லாத்தான் இருக்கு. கதவு, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் எழுப்பற சின்ன பேட்டரிதான் அடிக்கடி படுத்துடுது. அது எழுந்திருக்கலைன்னா பெரியது இருந்தும் பிரயோஜனம் இல்லை. அவ்வளவுதான்.

— ஓஹோ! சின்னதுதான் எல்லாரையும் ஆட்டி வைக்குது. பெரியவ மூலையில சும்மா கிடக்கா. நல்லா சொன்னே போ.

— நான் பேட்டரியைச் சொன்னேன்.

— நான் மட்டும் என்னத்தைச் சொன்னேன்? புது வண்டிக்கு எங்கேயாவது வாராவாரம் பேட்டரி இறங்குமா? யார் காதுல பூ சுத்தறே?

— இறங்கக் கூடாதுதான். வண்டியை அணைச்ச பிறகும் எதுவோ கரண்ட் குடிச்சிட்டே இருக்கு. பிரிச்சுத் தேடறேன்னு ஒவ்வொரு தடவையும் கேட்கறேன். 'அதெல்லாம் வேண்டாம்மா, சார்ஜ் மட்டும் ஏத்திக் குடு'ன்னுடுவார்.

— பார்த்தியா! சரியாயிட்டா அப்புறம் எந்தச் சாக்குல இங்க வர்றது?

— வந்து என்ன பண்றார்? அந்த ஸ்டூல்ல சாஞ்சு குறட்டை விடுவார். அவ்வளவுதான்.

— உன் முன்னாடி தூங்கறாரா? வீட்ல தூக்கமே வரலைன்னு விட்டத்தைப் பார்த்துட்டுக் கிடக்கற மனுஷன், இந்த இரும்புச் சத்தத்துல, உன் பக்கத்துல, நிம்மதியா தூங்கறார்! எனக்கு வயிறு எரியுதுடி.

— டிக்கியைத் திறக்கலாமா?

— திற. பெட்டியைப் பார்த்துப் பயந்துடாதே, என் துணிமணிதான். நீதான்னு தெரிஞ்சா இப்படியே அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். புருஷன் மனசுல நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். நான் எங்க போனேன், எப்போ வந்தேன்னு அந்த மனுஷன் வாயிலேருந்து ஒரு கேள்வி வராது. கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்காந்திருப்பார்.

— ஒண்ணு கேட்கட்டுமா? அவர் இங்க வர்றது, ஒரு மணி நேரம் இருக்கறது இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?

— யார் சொல்லணும்? வண்டி எங்க நிக்குதுன்னு போன்ல புள்ளி காட்டுது.

— புள்ளி சும்மா காட்டாது. வண்டியில ஏதாவது மாட்டினீங்களா?

— அது எதுக்கு உனக்கு இப்போ?

— மேடம்.

— பின் சீட்டுக்கு அடியில. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கடைக்காரனே மாட்டிக் குடுத்தான். அவர் ஆபீஸ்ல புதுசா ஒருத்தி சேர்ந்தா, சுருட்டை முடி. நான் என்ன பண்ணுவேன்?

— முதல் தடவை இந்த விளக்கு எரிஞ்சது அதுக்கு அப்புறமா, முன்னாடியா?

— அப்புறம்தான்.

— அந்தத் தீப்பெட்டி ராப்பகலா கரண்ட் குடிக்குது. பேட்டரி இறங்குது. இறங்கினா அவர் இங்க வர்றார். வந்தா உங்க போன்ல புள்ளி இங்க நிக்குது. நீங்களே அவரை என்கிட்ட அனுப்பிட்டு, நீங்களே சண்டைக்கும் வந்திருக்கீங்க.

— ஐயையோ... சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டேனா?

— சீட்டைத் தூக்கறேன், அந்த முனையைப் பிடிங்க. ம்... இதோ இருக்கு. ஒயரை உருவியாச்சு. இப்போ மீட்டரைப் பார்ப்போம்.

— என்ன, சரியாயிடுச்சா?

— பாதிதான் குறைஞ்சிருக்கு. இன்னொண்ணு எங்கேயோ குடிக்குது.

— வண்டியோட சேர்ந்ததா இருக்கும், விடு.

— டார்ச்சைப் பிடிங்க. ஸ்டீயரிங்குக்குக் கீழே... இன்னும் கிட்ட. பார்த்தீங்களா? இது கம்பெனி ஒயர் இல்லை. உங்களோடதுக்குக் கூடப்பிறந்தது மாதிரி இருக்கு.

— சத்தியமா நான் ஒண்ணுதான் வச்சேன்!

— வண்டியை வேற யார் எடுப்பாங்க?

— யாரு எடுப்பா, அவரும் நானும்தான். சனிக்கிழமையானா நான் நீச்சல் கத்துக்க எடுத்துட்டுப் போவேன்.

— யார் கத்துக் குடுக்கறது?

— ஒரு மாஸ்டர். நல்ல உயரம், சிரிச்ச முகம்... ஏன் அப்படிப் பார்க்கறே?

— ஒண்ணுமில்லை. வண்டியைப் பிரிக்க அவர் ஏன் விடலைன்னு இப்பத்தான் புரியுது.

— அவரா? அந்த மனுஷனா? நான் எங்க நிக்கறேன்னு போன்ல தேடிட்டா இருந்தார்?

— மேடம், நீங்க அழறீங்களா, சிரிக்கறீங்களா?

— எனக்கே தெரியலை தங்கச்சி.

— ரெண்டையும் தூக்கிப் போட்டுடறேன். இனிமே விளக்கும் எரியாது, உங்க வயிறும் எரியாது. அவ்வளவுதான்.

— ஏய், ஏய், கையை எடு! என்னோடதைக் குப்பையில போடு. பேட்டரி இறங்கினா இறங்கிட்டுப் போகுது, அவர் வச்சது அங்கேயே இருக்கட்டும்.